புதரைத் துளைக்கும் தோட்டா

சில மாதங்களுக்கு முன்பு கோலாலம்பூரில் நடந்த ஒரு சிறுகதை உரையாடலுக்குப் போயிருந்தேன். பதினைந்து பேர் இருந்திருப்போம். அன்று பேசப்பட்ட கதையில் ஒருவன் மான் சுடக் காட்டுக்குள் போகிறான். ரைஃபிளைத் தூக்குகிறான். விசையை அழுத்துகிறான். குழலிலிருந்து ஈய உருண்டைகள் சிதறிப் பறந்து மானைத் துளைக்கின்றன. மான் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுகிறது. அதன் கண்ணில் தன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான். கதை முடிகிறது.

அம்மாவின் முகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். என் முறை வந்தபோது நான் இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, ரைஃபிளிலிருந்து உருண்டைகள் சிதறாது. சிதறினால் அது ஷாட்கன். ரைஃபிளில் ஒரு தடவைக்கு ஒரே குண்டு. இரண்டு, சுடப்பட்ட மான் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது, ஓடும். அது ஓடியிருந்தால் இவன் பின்னாலேயே போயிருக்க வேண்டும். அப்போது இது வேறு கதை.

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மூத்த எழுத்தாளர் அன்பாகவே சொன்னார்: “தம்பி இன்ஜினியரு, அதான் அப்படி யோசிக்கிறாரு. அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்பா. இலக்கியத்துக்கு எதுக்கு?”

அந்த ‘டெக்னிக்கல்’ என்ற சொல்லோடுதான் இந்தக் கட்டுரையில் எனக்குச் சண்டை. எந்தத் துப்பாக்கி, எந்தக் கேலிபர், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் கடைக்காரன் பேச வேண்டியது என்றும், குற்றவுணர்வு, கருணை, மரணம் ஆகியவை மட்டும்தான் நம்முடையவை என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். காட்டில் இந்தப் பிரிவினை செல்லாது. ஒரு மான் அரை நிமிடத்தில் சாகுமா, அல்லது இரவு முழுக்க வயிறு கிழிந்து கிடந்து சாகுமா என்பதை முடிவு செய்வது இந்த ‘டெக்னிக்கல்’ விஷயம்தான். கருணை இருந்தால் அது அங்கேதான் இருக்க வேண்டும். சுட்ட பிறகு கண்ணில் அம்மா தெரிவது ரொம்ப லேட்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு இயந்திரத்தைப் பழகி வர என்னை அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக்கு நான்கு மாதம் அனுப்பினார்கள். செப்டம்பரில் போய் ஜனவரியில் திரும்பினேன். நடுவில் நவம்பர் வந்தது. விஸ்கான்சினில் நவம்பர் கடைசி என்றால் மான் வேட்டை. ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம், நன்றி தெரிவித்தல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்த வாரம் தொழிற்சாலையில் பாதி ஆள் இருக்க மாட்டார்கள். நம் ஊரில் தீபாவளிக்கு முந்தைய நாள் மாதிரி.

நான் இதுவரை ஒரு மானையும் சுட்டதில்லை. துப்பாக்கி உரிமமும் இல்லை. கூடப் போனேன், அவ்வளவுதான். ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு பனியில் நின்று பார்த்தவன் நான். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்.

என்னை அழைத்துப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் கடைசல் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்த பெரியவர். அவரிடம் அப்பாவின் மார்லின் 336 இருந்தது. நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற பழைய ரகம். .30-30 தோட்டா. இன்னொருவர் என் வயதுக்காரர். அந்த ஆண்டு புதிதாக ஒரு .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கியிருந்தார். மேலே ஒரு பெரிய ஸ்கோப். பார்த்தாலே ராணுவ அணிவகுப்பு ஞாபகம் வரும்.

இந்த இடத்தில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளை உறை, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. பறப்பது குண்டு மட்டும். கேலிபர் என்பது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். .30 என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது. .30-30இல் இரண்டாவது முப்பது, ஆதியில் அதில் போட்ட புகையற்ற வெடிமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். அந்தத் தோட்டா 1895இல் வந்தது. .308 வின்செஸ்டர் 1952இல். .300 வின்செஸ்டர் மேக்னம் 1963இல்.

இந்த மூன்றைப் பற்றியும் துப்பாக்கிக் கடையில் கேட்டால் மூன்று வேறு உலகங்கள் மாதிரிப் பேசுவார்கள். ஆனால் மூன்றின் குண்டும் ஒரே விட்டம்: 7.8 மில்லிமீட்டர். மானின் தோலில் விழும் ஓட்டை மூன்றுக்கும் ஒன்றேதான். வேகம்தான் வேறு. .30-30இன் 11 கிராம் குண்டு நொடிக்கு சுமார் 670 மீட்டரில் புறப்படுகிறது. .308இன் 9.7 கிராம் குண்டு சுமார் 860 மீட்டரில். மேக்னத்தின் 11.7 கிராம் குண்டு சுமார் 900 மீட்டரில். இயக்க ஆற்றலாகக் கணக்குப் போட்டால் முறையே 2,500, 3,600, 4,750 ஜூல். கடைக்காரர் இந்தக் கடைசி எண்ணைத்தான் காட்டுவார். “இதுல அடிச்சா தூக்கிப் போட்டுரும் சார்!”

தூக்கிப் போடாது. இதை ஆறாம் படிவத்து இயற்பியலே சொல்லிவிடும். மேக்னம் குண்டின் உந்தம், 0.0117 கிலோவை 900ஆல் பெருக்கினால், பத்தரை. அது முழுவதும் 65 கிலோ மானுக்குப் போய்ச் சேர்ந்தாலும் மான் நகரும் வேகம் நொடிக்கு 16 சென்டிமீட்டர். நடை பழகும் குழந்தை அதைவிட வேகமாகப் போகும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டு மானுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகமான உந்தம் சுட்டவனின் தோளுக்குத்தான் வருகிறது, ஏனென்றால் வெடிவாயுவின் பங்கும் அதில் சேரும். மானைத் தூக்கி எறிகிற தோட்டா இருந்தால் அது முதலில் நம்மைத் தூக்கி எறியும். சினிமாவில் குண்டு பட்டவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பின்னால் பறப்பது கயிறு கட்டி இழுப்பதால்.

அப்படியானால் மான் எதனால் சாகிறது? நுரையீரலிலும் இதயத்திலும் ஓட்டை விழுந்து, ரத்த அழுத்தம் இறங்கி, மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் சாகிறது. அதற்குச் சில நொடிகள் ஆகும். மிகச் சரியாக இதயத்தில் பட்ட மான்கூட ஐம்பது, நூறு மீட்டர் ஓடிவிட்டு விழும். அந்த நுரையீரல் பகுதி பக்கவாட்டில் பார்த்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு, சுமார் இருபது சென்டிமீட்டர். அதற்கு ஒரு முழம் பின்னால் வயிறு. அங்கே பட்டால் மான் மணிக்கணக்கில் சாகும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் முப்பது, நாற்பது சென்டிமீட்டர். எத்தனை ஜூல் போட்டாலும் அந்த முப்பது சென்டிமீட்டரை நிரப்ப முடியாது. இடம்தான் கொல்கிறது. கேலிபர், போதுமான அளவுக்கு மேல் போய்விட்டால், பெருமை மட்டும்தான்.

வேட்டைக்கு முந்தைய வாரம் சுடுதளத்தில் பெரியவர் ஒரு வேலை செய்தார். இளையவர் பார்க்காதபோது மேக்னத்தில் வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். இளையவர் குறிவைத்தார், மூச்சை அடக்கினார், விசையை அழுத்தினார். ‘டக்’ என்ற சத்தம் மட்டும். ஆனால் குழல் வாய் ஒரு சாண் கீழே குத்தியது. கண் இறுக மூடியிருந்தது. வெடிக்காத தோட்டாவுக்கே உடம்பு பயந்திருந்தது. மேக்னத்தின் உதை .308இன் உதையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அறிவு அதை “தாங்கிக்கலாம்” என்கிறது. தோளும் கண்ணிமையும் அறிவைக் கேட்பதில்லை. பெரியவர் எதுவும் சொல்லாமல் தன் மார்லினை நீட்டினார். இளையவர் சிரித்துக்கொண்டே, “அது தாத்தா துப்பாக்கி” என்றார்.

அடுத்து காடு. இந்தக் கட்டுரை மரக்காட்டைப் பற்றியது. திறந்த புல்வெளியில், மலைச்சரிவில், முந்நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் விலங்குக்கு வேறு கணக்கு உண்டு. வேகமான குண்டுக்கு அங்கே நியாயம் இருக்கிறது. வடக்கு விஸ்கான்சின் காட்டில் நூறு மீட்டர் பார்வை கிடைத்தாலே அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஐம்பது, அறுபது மீட்டர். அந்தத் தூரத்தில் .30-30க்கும் மேக்னத்துக்கும் பாதையில் உள்ள வித்தியாசம் ஒரு விரல் அகலத்துக்குள். பெரிய ஸ்கோப்பில் ஒன்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் மான் தெரியாது, மயிர்தான் தெரியும். அது எந்தப் பக்கத்து மயிர் என்று தேடுவதற்குள் மான் போய்விடும்.

மரக்காட்டுக்கென்றே ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. கனமான, மெதுவான, மூக்கு மழுங்கிய குண்டு சிறு கிளைகளை முறித்துக்கொண்டு நேராகப் போகும் என்பார்கள். அதனாலேயே இவற்றுக்குப் ‘புதர்த் துப்பாக்கி’ என்று பெயர். மேக்னம்காரர்களின் நம்பிக்கை அதற்கு நேர் எதிர்: அவ்வளவு வேகத்தில் போனால் கிளை என்ன செய்யும்? இரண்டும் பொய். சுழன்றுகொண்டு போகிற எந்தக் குண்டும் கிளையில் உரசினால் திசை மாறும், கவிழும், சில சமயம் உடையும். கனமானது கொஞ்சம் குறைவாக மாறலாம். அந்தக் கொஞ்சத்தை நம்பி ஒரு உயிரின் மேல் சுட முடியாது. கணக்குப் பாருங்கள்: கிளைக்கும் மானுக்கும் இடையே இருபது மீட்டர். குண்டு ஒரே ஒரு பாகை திரும்புகிறது. மானை அடையும்போது 35 சென்டிமீட்டர் தள்ளிப் படும். நுரையீரலுக்குக் குறிவைத்தது வயிற்றில் இறங்கும்.

இரண்டாம் நாள் மதியம் அதுதான் நடந்தது. அறுபது மீட்டரில் ஒரு பெட்டை மான், இலை உதிர்ந்த ஹேசல் புதர்களுக்குப் பின்னால், பக்கவாட்டில் நின்றது. இளையவர் சுட்டார். கிளையில் பட்டதா, கண்ணை மூடினாரா, இரண்டுமா என்று யாராலும் சொல்ல முடியாது. மான் முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு, ஓடாமல், நடந்தே போனது. அதைப் பார்த்ததும் பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வயிற்றில் பட்ட மான் அப்படித்தான் போகுமாம்.

நின்ற இடத்தில் பனியில் கொஞ்சம் ரத்தம். அதோடு பச்சையும் பழுப்புமாக ஏதோ கலந்திருந்தது. செரிக்காத தழை. இளையவர் உடனே பின்தொடரப் பார்த்தார். பெரியவர் விடவில்லை. துரத்தினால் அது மைல்கணக்கில் போய்விடும், விட்டால் பக்கத்தில் எங்காவது படுக்கும், சில மணி நேரம் பொறு என்றார். இருட்டிய பிறகு விளக்கோடு போனோம். ஒரு சதுப்பில், தேவதாரு மரங்களுக்குள், தடம் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் காகங்கள்தான் காட்டிக் கொடுத்தன. பின்தொடையை இரவிலேயே கொயோட்டிகள் தின்றிருந்தன. அது எப்போது செத்தது, கொயோட்டிகள் வந்த பிறகா முன்பா என்று நான் கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. இளையவர் அந்தப் பருவத்தில் அதற்குப் பிறகு காட்டுக்கு வரவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவருக்கு அந்தத் துப்பாக்கியை விற்ற பேச்சின்மேல்தான் கோபம். “பெருசா எடுத்துக்க, தப்பு நடந்தாலும் சமாளிக்கும்” என்ற பேச்சு. பெரிய கேலிபர் தவறுக்கு இடம் கொடுக்கும் என்பது அதன் சாரம். அது தவறுக்கு இடம் கொடுப்பதில்லை, தவறை உற்பத்தி செய்கிறது. உதைக்குப் பயந்த கண் ஒன்று. விலை அதிகமான தோட்டாவால் குறைந்துபோகும் பயிற்சி இரண்டு. “இது எதையும் துளைக்கும்” என்ற தைரியத்தில் புதருக்குள் சுடுவது மூன்று. இன்னொன்றும் உண்டு. நீண்ட தூரத்துக்காகச் செய்த மென்மையான குண்டு, ஐம்பது மீட்டரில் கிட்டத்தட்ட முழு வேகத்தோடு எலும்பில் மோதினால் உள்ளே நொறுங்கிப் போகலாம். மறுபக்கம் வெளியேறாது. வெளியேறும் ஓட்டை இல்லையென்றால் தரையில் ரத்தத்தடம் குறையும். அடர்ந்த காட்டில் தடம் இல்லாத மான் தொலைந்த மான். ஆக, மேக்னம் மரக்காட்டுக்கு வீண் மட்டுமல்ல, தவறான கருவியும்கூட.

இந்தப் பெருமை நமக்கும் புதிதில்லை. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியை நினைத்துப் பாருங்கள். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய் நிற்கும். உலகின் முதல் மேக்னம் விளம்பரம் அதுதான் என்று நான் நண்பர்களிடம் கிண்டல் செய்வதுண்டு. பரிசில் பெறப் போன புலவர் வள்ளலின் வில்லைப் புகழ்கிறார். அது பாட்டின் நியாயம், அதில் எனக்குத் தகராறு இல்லை. தகராறு எங்கே என்றால், அந்த மிகையை இன்று கடைக்காரர் எண்ணாக்கி விற்கிறார், நம் கதாசிரியர் அதையே யதார்த்தம் என்று எழுதுகிறார். இருவரும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறார்கள்: சுட்டால் விழும், பின்னால் போக வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கம் ஜிம் கார்பெட் இருக்கிறார். தமிழில் அவரைப் படிக்காத இலக்கிய வாசகர் குறைவு. சம்பாவத் ஆட்கொல்லியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு .275 ரிக்பி. ஏழு மில்லிமீட்டர் குண்டு. இன்றைய மேக்னம்காரர்கள் அதை மானுக்கே சிறியது என்பார்கள். மலைப்பாதையில் நாள் முழுக்கச் சுமக்கக்கூடிய எடையும் கையில் பழகிய குறியும் அவருக்கு முக்கியமாக இருந்தன. அவர் எழுத்தில் எந்தத் துப்பாக்கி கையில் இருந்தது என்று பெயர் சொல்லி வரும். அதனால் அவர் இலக்கியம் குறைந்துவிட்டதா? அந்த விவரத்தால்தான் நாம் அவரோடு கூட நடக்கிறோம்.

சரி, பெரியது வேண்டாம் என்றால் சின்னது நல்லதா? அதுவும் இல்லை. திருட்டு வேட்டையில் சத்தம் குறைவு என்பதற்காக .22 ரிம்ஃபயர் எடுப்பவர்கள் உண்டு. அதன் ஆற்றல் 170 ஜூல் சொச்சம். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், மானுக்குப் பொதுவாகக் குறைந்தது .240 அங்குலக் கேலிபரும் குழல் வாயில் 1,700 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2,300 ஜூல் ஆற்றலும் வேண்டும் என்று வைத்தது. .22 அதில் பதின்மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவின் கீழே போவது கொடுமை, மேலே ஏறிக்கொண்டே போவது அகந்தை. நடுவில் ஒரு நேர்மையான இடம் இருக்கிறது.

அந்த இடம் எது என்று நேராகவே சொல்கிறேன். ஐம்பது கிலோ முதல் நூறு கிலோ வரையுள்ள மான், நூறு மீட்டருக்குள், மரக்காடு. .30-30 போதும், நூற்றிருபது வருடமாகப் போதுமாக இருந்திருக்கிறது. ஒரே துப்பாக்கி எல்லா இடத்துக்கும் வேண்டும் என்பவருக்கு .308, அல்லது அதைவிட மென்மையான 7எம்எம்-08. தோள் மெலிந்தவர், புதியவர் .243 எடுக்கலாம். உதை .308இல் ஏறக்குறைய பாதி. ஆனால் நல்ல கட்டுமானமுள்ள 100 கிரெயின் குண்டும், மான் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். குழல் நீளம் குறைவாக இருக்கட்டும், கொடியில் மாட்டாது. ஸ்கோப் ஒன்றிலிருந்து நான்கு மடங்கு வரை போதும். துப்பாக்கியின் கட்டை உங்கள் கை நீளத்துக்குப் பொருந்த வேண்டும். கன்னத்தை வைத்தவுடன் கண் தானாகக் குறியில் விழ வேண்டும். கேலிபரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவதில்லை.

பெரியவரின் சோதனை இன்னும் எளிது. ஒரு காகிதத் தட்டை மாட்டு. நின்றபடி, மண்டியிட்டபடி, ஐந்து தோட்டா சுடு. ஐந்தும் தட்டுக்குள் விழுகிற அதிகபட்சத் தூரம் எதுவோ அதுதான் உன் தூரம். அதற்கு அப்பால் நிற்கிற மான் உன்னுடையது இல்லை. நடுவில் புதர் இருந்தால் எந்தத் தூரத்திலும் உன்னுடையது இல்லை. நல்ல துப்பாக்கி எது என்று என்னைக் கேட்டால், சுடாமல் இறக்கி வைக்க உனக்குச் சிரமம் தராத துப்பாக்கி என்பேன். மூவாயிரம் டாலர் போட்டு வாங்கியதை இறக்கி வைக்க மனம் வராது.

“இவ்வளவு பேசுறியே, வேட்டையே பாவம்தானே?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புலால் உண்ணாதவர் கேட்டால் தலைவணங்குகிறேன். அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி தின்றுவிட்டு வந்து கேட்பவரிடம் மட்டும் திருப்பிக் கேட்பேன்: அந்த ஆடு எப்படிச் செத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? பெரியவருக்குத் தன் மான் எப்படிச் செத்தது என்று தெரியும்.

“நம்ம நாட்டுல இது எதுக்கு?” என்ற கேள்வியும் வரும். தீபகற்பத்தில் மான் வேட்டைக்குத் தடை இருக்கிறது. இருக்கவும் வேண்டும். கடமான் நம் புலியின் முக்கிய உணவு. புலிகள் 150க்கும் குறைவாகிவிட்ட காட்டில் நாம் மானைக் கேட்பது அநியாயம். ஆனால் நம் காட்டில் மான் சாகாமல் இல்லை. கம்பிக் கண்ணியில் சாகிறது. அங்கே கேலிபரும் இல்லை, தூரமும் இல்லை. வைத்தவன் வீட்டில் தூங்குவான், கால் மாட்டிய மான் நாள்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். மேக்னம்காரன் பின்னால் போகத் தயங்கினான். கண்ணி வைத்தவன் முன்னால் நிற்கவே இல்லை. பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிற அதே மனம்தான் இரண்டிலும்.

என் பெரியப்பா கெடாவில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தவர். எண்பதுகளில் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போடும். உரிமம் பெற்ற பன்னிரண்டு போர் துப்பாக்கி தோட்டத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. நாய்களைப் பிடித்துக்கொண்டு போவது பெரியப்பா. ஒரு சாயங்காலம் அந்த ஆள் ஐம்பது அறுபது அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்த பன்றியைச் சுட்டார். உருண்டைகள் பரவிப் பட்டன. பன்றி கத்திக்கொண்டு ஓடிவிட்டது. “போகட்டும்டா, எங்கயாச்சும் செத்துரும்” என்று அவர் சாப்பிடப் போய்விட்டார். பெரியப்பா போகவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குப் பால்மரம் வெட்டப் பெண்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். காயம்பட்ட பன்றி அவர்களைக் குதறிவிடும். டார்ச்சும் இரண்டு நாயும் வெட்டுக்கத்தியுமாக இரவெல்லாம் தேடி, நாலு மணிக்கு ஒரு கால்வாய் ஓரத்தில் முடித்தார். கெண்டைக்காலில் அன்று கிழித்த தழும்பு கடைசிவரை இருந்தது.

விஸ்கான்சினிலிருந்து திரும்பியதும் அந்தப் பெட்டை மானைப் பற்றி அவரிடம் சொன்னேன். அப்போது அவர் படுக்கையில் இருந்தார். முழுக்கக் கேட்டார்.

“என்னா துப்பாக்கி?” என்றார். சொன்னேன்.

“தூரம்?”

“அறுபது மீட்டர், பெரியப்பா.”

“நடுவுல மரமா, செடியா?”

“செடி.”

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “செடி இருந்துச்சுன்னா சுட்டிருக்கக் கூடாதுடா தம்பி. சரி, அவன் ராத்திரி பூரா தேடுனானா?”

“தேடுனாரு.”

“அப்ப சரி. அவன் கத்துக்குவான்.”

அவர் கேட்ட கேள்விகள் எல்லாமே ‘டெக்னிக்கல்’. துப்பாக்கி, தூரம், செடி, தேடினானா. ஆறாம் வகுப்பு தாண்டாத மனுஷன். மானின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அம்மாவின் முகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிய எங்கள் எல்லாரையும்விட அவர் அந்த மானுக்குப் பக்கத்தில் இருந்தார்.

கதை எழுதுகிற நண்பர்களுக்கு ஒன்றுதான். அடுத்த முறை உங்கள் பாத்திரம் காட்டில் துப்பாக்கியைத் தூக்கும்போது, அது என்ன துப்பாக்கி என்று முதலில் கண்டுபிடியுங்கள். நடுவில் என்ன செடி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு மானை ஓடவிடுங்கள். அவன் பின்னால் போகிறானா, சாப்பிடப் போகிறானா என்பதில் உங்கள் கதை இருக்கிறது.